உலகக் கோப்பை நம் ஊரில், அணியில் நம் பையன் ஒருவனும் இல்லை: ஹாக்கித் தேர்வாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

இந்திய ஹாக்கி அணிகளைத் தேர்வு செய்கிறவர்களுக்கும், தமிழ்நாட்டில் ஹாக்கியை நடத்தும் நிர்வாகிகளுக்கும்,

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் விளையாடின. போட்டியை ஏற்று நடத்திய மாநிலத்திலிருந்து இந்திய அணியில் ஒரு பையன்கூட இல்லை. பட்டியல் வெளிவந்த நாளிலிருந்து, இதைப் பற்றி உங்களில் யாராவது வாய் திறப்பீர்கள் என்று காத்திருந்தோம். போட்டி முடிந்தது, பந்தல் பிரித்தாயிற்று, எங்களுக்கு வந்து சேர்ந்த விளக்கம் எதுவும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். பள்ளிப் பையன்களுக்குக் காலையிலும் மாலையிலும் ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. பாண்டவர்மங்கலம், இலுப்பையூரணி, திட்டங்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் கையில் ஸ்டிக்கோடு பையன்கள் திரிகிற ஊர் இது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற அம்மா, லோடு ஏற்றுகிற அப்பா, வீட்டில் ஒரு ஹாக்கி ஸ்டிக். இப்படித்தான் எங்கள் ஊரில் பாதி வீடுகள். அந்த வீடுகளிலிருந்து வருகிற பையன்களை 10, 11 வயதில் கையில் வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். அவர்கள் 17, 18 வயதில் எங்கே காணாமல் போகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்ப்பவனும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. முன்னாள் இந்தியக் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் பயிற்சியில் அந்த ஜூனியர் அணி வாங்கிய வெண்கலம் உழைத்து வாங்கியது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்ற அணி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராகவும் முதலில் 0-2 என்று பின்தங்கி, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நான்கு கோல் போட்டு ஜெயித்தது. எழும்பூர் ஸ்டேடியம் அன்று எழுப்பிய சத்தத்தில் எங்கள் ஊர்ப் பையன்களின் தொண்டையும் இருந்தது. அந்த அணியில் மணிப்பூரிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள். கர்நாடகத்துப் பையன் இருந்தான். ஒடிசா, ஜார்க்கண்ட் பழங்குடிக் கிராமங்களின் குடும்பப் பெயர்கள் இருந்தன. அவர்கள் இடத்தைப் பிடுங்கி எங்களுக்குத் தரச் சொல்லவில்லை. மணிப்பூரால் முடிகிறது என்றால் எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய இரண்டு தரப்பும் நீங்கள்தான்.

எங்கள் ஊரில் சாயங்கால ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் இந்தப் பேச்சு ஓயாமல் நடக்கிறது. ஒரு கட்சி, 'எல்லாம் வடக்கே முடிவாகிவிடுகிறது, பஞ்சாப், ஹரியானா, ஒடிசா என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள்' என்கிறது. இன்னொரு கட்சி, 'நம் பையனுக்கு ஓட்டம் போதாது, உடம்பு போதாது, முதல் கால் மணி நேரத்திலேயே மூச்சு வாங்குகிறது, எப்படி எடுப்பார்கள்' என்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் இந்த விளையாட்டின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். என் கணிப்பில் முதல் கட்சி பாதி தவறு. இரண்டாவது கட்சி சொல்வது சரி, ஆனால் ஏன் அப்படி என்று அது கேட்பதில்லை. 19 வயதுப் பையனின் உடம்பும் ஆட்டமும் அவன் 14 வயதில் எந்தத் தரையில் ஆடினான், என்ன சாப்பிட்டான், வருஷத்துக்கு எத்தனை நல்ல ஆட்டம் ஆடினான் என்பதில் முடிவாகிவிடுகின்றன. தேர்வு நாளில் நீங்கள் பார்ப்பது அதன் கடைசிப் பக்கத்தை மட்டும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அணித் தேர்வைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை.

கோவில்பட்டியில் கிருஷ்ணா நகரில் செயற்கை இழைத் தளம் இருக்கிறது. சிறப்பு விளையாட்டு விடுதி இருக்கிறது. இதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பையன்களில் மிகப் பெரும்பாலோர் ஆட்டத்தைக் கற்பது பள்ளிக்கூடத்துச் சரள் மண் தரையில். அங்கே பந்து ஓடாது, துள்ளும். துள்ளுகிற பந்தை அடக்குவதற்குப் பையன் ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடிக்கிறான், பந்தை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறான், இரண்டு மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடுகிறான். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதே பையனை ஈரம் போட்ட டர்ஃபில், அதாவது செயற்கைத் தளத்தில், இறக்கினால், பந்து அவன் எதிர்பார்ப்பதைவிட வேகமாக வந்து ஸ்டிக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. இடுப்பை இறக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து பந்து வாங்க அவன் உடம்பு பழகவே இல்லை. முதல் தொடுதலிலேயே பாஸ் கொடுக்கவும் அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை, ஏனென்றால் சரள் மண்ணில் அப்படிக் கொடுத்தால் பந்து போய்ச் சேராது. ஒரு வருஷம் டர்ஃபில் ஆடினால் மாறிவிடுவான். அந்த ஒரு வருஷம் அவனுக்கு எந்த வயதில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பலருக்குக் கிடைப்பதே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெனால்டி கார்னரில், அதாவது எதிரணித் தவறுக்காகக் கிடைக்கிற கோல் வாய்ப்பில், பந்தை வீசி அடிக்கிற டிராக் ஃபிளிக்கை மண்ணில் கற்க முடியாது. பந்தை ஸ்டிக்கின் வளைவில் வைத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து வீச வேண்டும், கல்லும் குழியும் இருக்கிற தரையில் பந்து இழுபடாது. கோல் கீப்பரும் அப்படித்தான். முழுக் கவசத்தோடு தரையில் சறுக்கி விழுந்து தடுப்பது இன்றைய கோல் கீப்பரின் அன்றாட வேலை, சரளில் எந்தப் பையன் சறுக்குவான்? முழங்கால் தோல் உரிந்துவிடும். பெனால்டி கார்னரில் கோல் கம்பத்திலிருந்து பந்தை நோக்கிப் பாய்ந்து ஓடுகிற முதல் ரஷ்ஷரைக்கூட டர்ஃபில்தான் உருவாக்க முடியும்.

இன்றைய ஹாக்கியில் இவையெல்லாம் ஓரமான விஷயங்களா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட 15 கோல்களில் 10 கோல் ஹர்மன்பிரீத் சிங் ஒருவர் போட்டது. அவர் டிராக் ஃபிளிக்கர். சென்னையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்தத் திருப்பம் தொடங்கியதும் பெனால்டி கார்னரில்தான். அணிப் பட்டியல் எழுத உட்காரும்போது உங்கள் கை முதலில் தேடுவது இரண்டு ஃபிளிக்கர், இரண்டு கோல் கீப்பர், பெனால்டி கார்னரைத் தடுக்கத் தெரிந்த டிஃபெண்டர்கள். இந்த இடங்களுக்கு எங்கள் மண்ணிலிருந்து ஆள் வருவதே இல்லை. நாங்கள் அனுப்புவது பெரும்பாலும் ஃபார்வர்டுகளை, முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவர்களை. ஆடம் சின்கிளேர் ஃபார்வர்டு. கார்த்தி செல்வம் ஃபார்வர்டு. எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் ஃபார்வர்டு. நாடு முழுக்க நெரிசல் அதிகமாக இருக்கிற வரிசையில் போய் நிற்கிறோம். பாரிஸுக்குப் போன ஃபார்வர்டுகள் மன்தீப், அபிஷேக், சுக்ஜீத், லலித், குர்ஜந்த். அந்த வரிசையில் ஓர் இடம் காலியாவது எவ்வளவு கடினம் என்பது ஆட்டம் பார்க்கிற யாருக்கும் தெரியும்.

முன்பு இப்படி இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் கோல் கீப்பராக முனீர் சேட் இருந்தார், நடுவரிசையான ஹாஃப் வரிசையில் கிருஷ்ணமூர்த்தி பெருமாள் இருந்தார். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரனும் ஹாஃப்தான். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்ற அந்தத் தங்கம்தான் ஹாக்கியில் இந்தியா கடைசியாக வாங்கிய ஒலிம்பிக் தங்கம். அப்புறம் முகமது ரியாஸ், அட்லாண்டாவிலும் சிட்னியிலும் ஆடினார். 2004 ஏதென்ஸில் சின்கிளேர். அவருக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கி ஆடியவர் யாரும் இல்லை. 2012, 2016, டோக்கியோ, பாரிஸ் என்று நான்கு பட்டியல்கள் வந்து போயின. எல்லோரும் புல் தரையில் ஆடிய காலத்தில் எங்கள் பையன் எல்லா இடத்திலும் ஆடினான். 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. அந்த மாற்றம் இன்னும் எங்கள் பள்ளி மைதானங்களுக்கு வந்து சேரவில்லை. தன்ராஜ் பிள்ளை தமிழர்தானே என்று சிலர் மார்தட்டுவார்கள். அவர் வளர்ந்தது புனே பக்கம் கட்கியில், ஆட்டம் விரிந்தது மும்பையில். ஒருவனை வீரனாக்குவது அவன் வளர்ந்த மைதானம்தான் என்பதற்கு அவரே சாட்சி.

தேசியத் தேர்வாளர்களுக்கு நேராக ஒன்று. கார்த்தி செல்வத்தைப் பற்றி.

2022 ஏப்ரலில் போபாலில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் தமிழ்நாடு இறுதி வரை வந்து ஹரியானாவிடம் ஷூட் அவுட்டில்தான் தோற்றது. அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குக் கார்த்தியையும் மாரீஸ்வரனையும் எடுத்தீர்கள். கோவில்பட்டியில் வெடி போட்டோம். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தியின் கோல் வந்தது. இந்தியா வெண்கலம் வாங்கியது. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோல் கார்த்தி போட்டது. இந்தியா கோப்பையை வென்றது. அடுத்த மாதம் ஹாங்சோ ஆசியப் போட்டிக்குப் போன அணியில் அவர் இல்லை. பாரிஸிலும் இல்லை. 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பையில் மாற்று வீரர். பிறகு அந்த நவம்பரில் மலேசியாவின் இபோவுக்கு அஸ்லான் ஷா கோப்பை ஆட அழைத்துப் போனீர்கள்.

ஒருவரை எடுப்பதும் விடுவதும் உங்கள் உரிமை. அவரைவிட நல்ல ஆட்டக்காரர்கள் அந்த நேரத்தில் இருந்திருக்கலாம், இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். என் வருத்தம் வேறு. எது குறைந்தது என்று அவருக்குத் தனியாகச் சொல்லியிருப்பீர்கள். அவரைப் பார்த்து வளர்கிற சின்னப் பையன்களுக்கு அது தெரிவதே இல்லை. என்னிடம் ஆடுகிற பையன், 'அண்ணே, கார்த்தி அண்ணனை ஏன் எடுக்கல? நான் என்ன கத்துக்கணும்?' என்று கேட்டான். வேகமா, பந்தில்லாத நேரத்து ஓட்டமா, எதிரணி டிஃபன்ஸை நெருக்கிப் பிடிக்கிற பிரஸ்ஸிங்கா, கோலுக்கு முன்னால் இருக்கிற சர்க்கிளுக்குள் முடிவெடுப்பதா? சொல்லத் தெரியவில்லை எனக்கு. தேர்வாளர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் கீழே இருக்கிற நாங்கள் அதற்கேற்ற பயிற்சியைக் கொடுக்க முடியும். பெரிய மாநிலங்களின் அகாடமிகளில் முன்னாள் சர்வதேச வீரர்கள் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் எதிர்பார்ப்பு பேச்சுவாக்கிலேயே தெரிந்துவிடுகிறது. கரிசல் காட்டில் இருக்கிற எனக்கு யார் சொல்வார்கள்?

தேர்வு நடக்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் ஆடிய பையன் ஒருவன் ரைட் ஹாஃப். பந்தை வாங்கித் திரும்புவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று பார்த்து வைத்திருப்பான். எங்கள் வட்டாரத்தில் அவன் வயதில் ஆட்டத்தை அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. ஒரு வயதுப் பிரிவுத் தேர்வுக்குப் போனான். இரவு முழுக்க பஸ், காலையில் இறங்கி ஒரு டீ, நேராக மைதானம். நூற்றுக்கும் மேலே பையன்கள். கையில் நம்பர் கட்டி, ஆட்களைக் கலந்து, சின்னச் சின்ன ஆட்டமாக விட்டார்கள். அவனைக் கொண்டுபோய் லெஃப்ட் விங்கில் நிறுத்தினார்கள். தான் ஹாஃப் ஆடுகிறவன் என்று சொன்னபோது, எங்கே விட்டாலும் ஆட வேண்டும் என்றார்கள். பந்து அவன் பக்கம் வந்ததே அபூர்வம். கால் மணி நேரத்தில் அவன் தேர்வு முடிந்தது. மாலையில் வாசித்த பட்டியலில் அவன் நம்பர் இல்லை. எதனால் என்று கேட்ட அப்பாவிடம், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அடுத்த வருஷம் அவர் அனுப்பவில்லை. பையன் இப்போது சிவகாசிப் பக்கம் அச்சாபீசில் வேலை பார்க்கிறான்.

அந்தத் தேர்வை நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பையன்களை ஒரே நாளில் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தார்கள். ஆனால் அப்படி ஒரு நாளில் தெரிவது ஆட்களை ஏமாற்றி ஓடுகிறவன் மட்டும்தான். விங்கில் மூன்று பேரைத் தாண்டுகிறவன் கண்ணில் படுவான். ஆபத்தை முன்கூட்டியே பார்த்து இடத்தை அடைத்து நிற்கிற ஹாஃப் கண்ணில் படமாட்டான், அவன் வேலையே எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. தரை ஃபார்வர்டுகளை மட்டும் வளர்க்கிறது, தேர்வு ஃபார்வர்டுகளை மட்டும் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து எங்களை ஒரே வரிசையில் கொண்டுபோய் நெருக்குகின்றன.

பிறகு 16 வயதுக்குமேல் வருகிற பள்ளம். விளையாட்டு விடுதியில் இருக்கும்வரை பையனுக்குச் சாப்பாடு, படிப்பு, தளம் மூன்றும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விடுதியை விட்டு வெளியே வருகிறான். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிறது, அங்கே டர்ஃப் இருக்காது, ஹாக்கி கோச் இருப்பார் என்று சொல்ல முடியாது. நல்ல ஆட்டம் என்றால் சென்னை லீக், எழும்பூரில் நடக்கிற முருகப்பா தங்கக் கோப்பை, எங்கள் ஊர் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை. அந்தப் போட்டிகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பெரியவர்களின் அணிகள்தான் ஆடும். ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள், போலீஸ் என்று ஒரு காலத்தில் வருஷாவருஷம் ஹாக்கிக்காரர்களை எடுத்தார்கள். இப்போது என் பையன்கள் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டில் எத்தனை நாள் சும்மா உட்கார வைப்பார்கள்? 18 வயதில் தினமும் டர்ஃபில் ஆடி, எடை தூக்கி, இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டு வளர்கிற பஞ்சாப் அகாடமிப் பையனோடு, அதே வயதில் வாரத்தில் ஒரு நாள் ஆடுகிற எங்கள் பையனை ஒரே முகாமில் நிறுத்தி ஓடவிட்டால் என்ன ஆகும் என்பது முகாம் தொடங்கும் முன்பே தெரியும். அதைத்தான் 'ஃபிட்னெஸ் இல்லை' என்று எழுதிவிடுகிறீர்கள்.

ஒடிசா எப்படிச் செய்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுந்தர்கர் மாவட்டத்தில் பிறந்த திலீப் திர்க்கேதான் இன்று ஹாக்கி இந்தியாவின் தலைவர். பான்போஷ் விளையாட்டு விடுதியில் சின்ன வயதில் சேர்த்து, வட்டாரத்துக்கு ஒரு செயற்கைத் தளம் என்று திட்டமிட்டு, புவனேஸ்வரில் மேல்நிலைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்து, 2018 முதல் தேசிய அணிக்கே ஸ்பான்சராக நின்று, படிப்படியாகக் கட்டினார்கள். ரூர்கேலாவில் ஸ்டேடியம் வந்தது இந்த வேலையின் ஒரு பகுதியாக. எங்களுக்கு மட்டும் ஸ்டேடியமும் போட்டியும் முதலில் வந்துவிடுகின்றன. எழும்பூரில் 1996-லும் 2005-லும் சாம்பியன்ஸ் கோப்பை, 2007-ல் ஆசியக் கோப்பை, 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, இப்போது ஜூனியர் உலகக் கோப்பை. நன்றாக நடத்துகிறோம், வருகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். மாநில நிர்வாகிகளே, போட்டி நடத்துவதில் காட்டுகிற அக்கறையில் பாதியைப் பையன்களை வளர்ப்பதில் காட்டியிருந்தால் 21 வருஷமாக ஓர் ஒலிம்பியன் இல்லாமல் இருந்திருப்போமா?

பெண்கள் ஆட்டத்தில் நிலைமை இதைவிட மோசம். சரளில் ஆட வருகிற பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு அறைகூட இல்லாத மைதானங்கள் இருக்கின்றன. கீழே நான் கேட்பதில் ஒவ்வொன்றும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி, கேட்க வேண்டியவை.

தேசியத் தேர்வாளர்களே, ஜூனியர் முகாமுக்கு வந்து இறுதிப் பட்டியலில் இடம் பெறாத ஒவ்வொரு பையனுக்கும் அரைப் பக்கமாவது எழுதிக் கொடுங்கள். எந்த இடத்தில் ஆடினான், எதில் குறைந்தான், எதைத் திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்பீர்கள் என்று. அதில் ஒரு பிரதி அவன் மாநிலத்துக்கும் அவனை வளர்த்த கோச்சுக்கும் வரட்டும். அத்தோடு, 16, 19, 21 என்று ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு இடத்துக்கும் நீங்கள் எதிர்பார்க்கிற ஓட்டம், உடற்தகுதி, திறன் இவை என்ன என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள், தமிழிலும். ஒளித்து வைப்பதற்கு அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

தேசியப் போட்டிகளில் மட்டும் பையன்களைப் பார்க்காதீர்கள். வருஷத்தில் சில நாட்களாவது உங்கள் ஆள் ஒருவர் கோவில்பட்டி, மதுரை, அரியலூர் என்று வந்து பையன்கள் தங்கள் சொந்த இடத்தில், சொந்த அணியோடு ஆடுவதைப் பார்க்கட்டும்.

மாநில நிர்வாகிகளே, உலகக் கோப்பைக்காக மதுரை ரேஸ் கோர்ஸில் போட்ட புதிய தளம் அடுத்த பெரிய போட்டி வரை பூட்டிக் கிடக்கக் கூடாது. தென் மாவட்டங்களின் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் பெண்களுக்கும் வாரத்தில் இந்த நாள், இந்த நேரம் என்று ஒதுக்கி, அந்த அட்டவணையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பஸ் கட்டணம் கொடுங்கள், அது இல்லாவிட்டால் தளம் இருந்தும் பயனில்லை. டிராக் ஃபிளிக்குக்கு ஒருவர், கோல் கீப்பிங்குக்கு ஒருவர் என்று முழுநேரச் சிறப்புப் பயிற்சியாளர்களை வையுங்கள். கோல் கீப்பர் கவசம் ஒரு செட் வாங்க எங்கள் பையனின் வீட்டு மாச வருமானம் போதாது. மாவட்டத்துக்கு இரண்டு செட்டாவது வாங்கிப் பொதுவில் வைத்தால், அடுத்த முனீர் சேட் கவசம் இல்லாத காரணத்தால் ஃபார்வர்டாக மாற வேண்டியதில்லை.

தேர்வு ஒரே நாளில் முடியக் கூடாது. குறைந்தது மூன்று நாள், பையன் சொல்கிற இடத்தில் அவனை ஆடவிட்டு, முழு ஆட்டங்களாக நடத்துங்கள். தங்குமிடமும் சாப்பாடும் கொடுங்கள். பார்த்தவர்கள் யார், என்ன மதிப்பெண் கொடுத்தார்கள் என்பதைப் பலகையில் ஒட்டுங்கள். தோற்றவுடன் வீட்டுக்குப் போகிற நாக் அவுட் போட்டிகளை நம்பி இருக்காமல், மாவட்ட அணிகளுக்கிடையே பல மாதம் நீடிக்கிற 16, 19 வயது லீக் ஒன்றைத் தொடங்குங்கள். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை, ஒருவர் உட்கார்ந்து அட்டவணை போட வேண்டும், நடுவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும்.

விடுதியை விட்டு வெளியே வருகிற 18 வயதுப் பையன்களுக்கு 21 வரை மூன்று வருஷ உதவித்தொகையும், டர்ஃபுக்குப் பக்கத்திலேயே கல்லூரி இடமும் கிடைக்க அரசோடு பேசுங்கள். மத்திய, மாநில நிறுவனங்களில் ஹாக்கிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை காலியாக இருக்கின்றன என்று கேட்டு வாங்கி அறிவியுங்கள். ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி இப்போது ஆடுகிறது. ஒவ்வோர் அணியிலும் ஜூனியர் வீரர்கள் நான்கு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உரிமையாளர்களோடு பேசி, ஏலத்தில் எடுக்காவிட்டாலும் நம் ஜூனியர் பையன்கள் சிலர் முகாம் முழுக்க அவர்களோடு பயிற்சி செய்யவாவது வழி செய்யுங்கள். பெல்ஜியக்காரரோடும் டச்சுக்காரரோடும் ஒரு மாதம் பயிற்சி செய்கிற பையன் வேறு ஆளாகத் திரும்பி வருவான்.

கடைசியாக, இரண்டு தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டியது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை அடுத்து நடக்கும்போது, கோவில்பட்டிக்கு ஒரு மாலை வாருங்கள். மேடையோ சால்வையோ வேண்டாம். ஜூனியர் உலகக் கோப்பை முகாம்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து யார் யார் அழைக்கப்பட்டார்கள், எந்தக் கட்டத்தில், எதற்காக விடப்பட்டார்கள் என்ற விவரத்தோடு வந்து, பையன்களும் பெற்றோரும் கோச்சுகளும் கேட்கிற கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லுங்கள். தேதியை இப்போதே அறிவியுங்கள், கூலி வேலைக்குப் போகிற அப்பாக்கள் அன்று விடுப்பு சொல்லிவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
கோவில்பட்டியில் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் ஒருவன்